கேட் போட்டிருக்கு

ஆறு பத்துக்குத் துறைமுக வாசலில் கைரேகை வைக்கிறேன்.
இரவெல்லாம் கப்பல் மேல் கம்பி முறுக்கிய விரலை
இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறது.

வீட்டுக்கு வரும்போது மெர்லின் கிளம்பியிருப்பாள்.
ஸ்டான்லியில் அவளுக்கு ஆறு மணி ஷிப்ட்.
குக்கரில் சாதம், டப்பாவில் உருளைக்கிழங்கு,
ஃபிரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்து:
"பாட்டில் மூடிய இறுக்கு, போன தடவ நோட்டு நனைஞ்சிது.
ரிப்பன் கொடியில."

கோடை முழுக்க இந்நேரம்
நானும் ஷைனியும் தூங்கிக்கொண்டிருந்தோம்,
ஒரே ஃபேனுக்குக் கீழே, ஆளுக்கொரு திசையில்.
வெயில் என்று பள்ளி திறப்பை ஒரு வாரம் தள்ளினார்கள்.
அதை நான் யாருக்கும் தெரியாமல் கொண்டாடினேன்.

இப்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்,
மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
சீப்பு என் கையில்.
நாற்பது அடிப் பெட்டியை ஆடாமல் கட்டுவேன்,
நான் கட்டியது புயலில் கொழும்பு தாண்டிப் போயிருக்கிறது.
இந்த மூன்று பிரி முடி
காதைத் தாண்டுவதற்குள் அவிழ்கிறது.
"இவ்ளோ இறுக்காதப்பா, கண்ணு மேல போவுது."
தளர்த்தினால்,
"இது சடையா?"
செவ்வாய்க்கிழமை ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.
மிஸ் ஒன்றும் சொல்லவில்லையாம்,
அவிழ்த்து அவரே பின்னிவிட்டாராம்.
சொல்லியிருக்கலாம்.

எக்ஸெல்லில் பை முன்னால், அவள் பின்னால்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருக்கு.
மீன்கூடை, ஆட்டோ, தண்ணீர் லாரி, நாங்கள்.
சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறவர்களைப் பார்த்து
"நாமளும் பூந்துறலாமா?" என்கிறாள்.
"வேணாம்."
"லேட்டானா நீ வந்து மிஸ்கிட்ட சொல்றியா?"
சொல்கிறேன் என்று சொல்லவில்லை.
அவள் பெட்டிகளை எண்ணுகிறாள், சத்தமாக, என் முதுகெலும்பில் தட்டி.
பதினேழு கேட்டது. பதினெட்டு கேட்டது.
பிறகு லாரி ஹாரனும்
"அப்பா, தூங்காத, தொறந்துட்டாங்க" என்பதும்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் கன்னியப்பன்
கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்,
அவள் உள்ளே ஓடும்வரை.
ஒன்பதுக்குப் படுத்தால்
மூன்று மணிக்கு அலாரம்,
நடுவில் கேஸ்காரர், நடுவில் மேல்வீட்டு மோட்டார்.
தூக்கத்தை இரண்டு தவணையாகக் கட்டுகிறேன்,
வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

சனிக்கிழமை எல்லாம் சரியாக வந்தது.
பாட்டில் ஒழுகவில்லை.
இரண்டு சடையும் ஒரே உயரம், ரிப்பன் ஒரே அகலம்.
கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள்,
குறை சொல்லவில்லை.
அதைவிட, கேட் திறந்திருந்தது.
நிற்காமல் தண்டவாளத்தில் குலுங்கிக் கடந்தோம்,
"அப்பா! அப்பா!" என்று முதுகில் குத்தினாள்.

எட்டு ஐந்துக்குப் பள்ளி வாசலில் பூட்டு.
உள்ளேயிருந்து கன்னியப்பன், லுங்கியில்,
வாயில் பிரஷ்ஷோடு வந்தார்.
"இன்னிக்கு லீவாச்சே சார். நைட்டே குரூப்ல போட்டாங்களே."
பார்த்தேன். இரவு ஒன்பது பதினேழு.
அப்போது நான் ஐந்தாவது அடுக்கில் இருந்தேன்.

திட்டுவாள் என்று நின்றேன்.
தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"அப்ப திங்கக்கெழம வரைக்கும் இத அவுக்க வேணாம்.
அம்மாகிட்ட சொல்லிடு, கோயிலுக்கும் இதோடதான் வருவேன்."

திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
ஒரு அவசரமும் இல்லை.
என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்,
அவள் இரண்டு மணிக்கட்டும் என் ஒரு கைக்குள்.
பெட்டி ஏற்றிய ரயில் மெதுவாகப் போகிறது.
நான் எண்ணவில்லை,
ஒவ்வொன்றின் மூலையிலும் பூட்டு விழுந்திருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.